கோட்டைச் சுவர் முதல் அறைச் சாவி வரை



இந்த மலரில் பலர் பேராசிரியர்களைப் பற்றியும் விடுதி நாட்களைப் பற்றியும் சுவையாக எழுதுவார்கள். எனக்குக் கிடைத்ததோ கம்ப்யூட்டர் சம்பந்தமான தலைப்பு. நம்மில் கணிசமானோர் சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் கணிப்பொறித் துறையில் வேலை பார்க்கிறோம். கொஞ்ச வருஷங்களாக அந்தத் துறையில் எங்கே போனாலும் 'ஜீரோ டிரஸ்ட்' என்ற சொல் காதில் விழுகிறது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'பூச்சிய நம்பிக்கை' என்று வரும். இதைக் கேட்கும் ஊர்ப் பெரியவர்கள், "என்னப்பா, யாரையும் நம்பாதேங்கிறதா உங்க கம்பெனிக் கொள்கை?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அந்தச் சொல் எப்படிப் பிறந்தது, நம் நாட்டுக்கு எப்படி வந்தது, நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அதனால் என்ன என்பதை வரலாற்று வரிசையில் சொல்லிப் பார்க்கிறேன். கம்ப்யூட்டர் படிக்காதவர்களும் தாராளமாகப் படிக்கலாம்.

திருமயம் சொல்லும் பாடம்

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி போகும் வழியில் திருமயம் கோட்டையைப் பார்க்காதவர் நம்மில் இருக்க முடியாது. 1687-ல் சேதுபதி கட்டியதாகச் சொல்லப்படும் கோட்டை. ஆதியில் அதற்கு ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு சுற்று மதில்கள் இருந்தன என்பார்கள். இன்று மிஞ்சியிருப்பவை சிலவே. ஏழு மதில் எதற்கு? முதல் மதிலை எதிரி தாண்டிவிட்டாலும் கதை முடிந்துவிடக் கூடாது என்பதற்குத்தான். வெளிவாசல் காவல்காரனை ஏமாற்றி உள்ளே வந்தவன் அடுத்த வாசலிலும் பதில் சொல்ல வேண்டும்.

கணிப்பொறி வலைப்பின்னல்களைக் கட்டியவர்கள் கோட்டையைப் பார்த்துத்தான் கட்டினார்கள். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு மதிலை மட்டும். மீதி ஆறு மதிலை விட்டுவிட்டார்கள். அதை அவர்கள் உணர்ந்து திருத்த முற்பட்டதே இந்தக் கட்டுரையின் கதை.

எல்லோரும் தெரிந்தவர்களாக இருந்த காலம்

1961-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஒரே கணிப்பொறியைப் பலர் பங்குபோட்டுப் பயன்படுத்தும் முறை செயல்பட்டுக் காட்டப்பட்டது. ஒருவர் கோப்பை இன்னொருவர் தொடாமல் இருக்க ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தார்கள். மறு வருஷமே, அதாவது 1962-ல், ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர் பாஸ்வேர்டுகள் இருந்த கோப்பையே அச்சடித்து எடுத்துவிட்டார். அவருக்குத் தேவைப்பட்டது கூடுதல் கணிப்பொறி நேரம்! பாஸ்வேர்டின் வரலாறும் பாஸ்வேர்டு திருட்டின் வரலாறும் இரட்டைப் பிள்ளைகள் என்றால் மிகையாகாது.

1969 அக்டோபர் 29 அன்று இண்டர்நெட்டின் தாயான ஆர்ப்பாநெட்டில் முதல் செய்தி போனது. ஆரம்பத்தில் அதில் இருந்தவை சில பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சிக் கூடங்களும்தான். ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கம். சின்னக் கிராமத்தில் கதவைப் பூட்டாமல் வயலுக்குப் போவது போன்ற வாழ்க்கை. ஆகவே யார் நீ என்று கேட்கும் ஏற்பாடு அந்த வலையின் அடித்தளத்தில் இடம்பெறவே இல்லை.

1988 நவம்பர் 2 அந்த நிம்மதியைக் கெடுத்தது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் எழுதி விட்ட ஒரு சிறு நிரல் தானாகவே ஊர் ஊராகப் பரவியது. அன்று இண்டர்நெட்டில் இருந்த சுமார் 60,000 கணிப்பொறிகளில் 6,000 வரை முடங்கியதாக மதிப்பிட்டார்கள். அதன் பிறகுதான் நிறுவனங்கள் தங்கள் வலைக்கும் வெளி உலகுக்கும் நடுவே 'ஃபயர்வால்' என்ற மதிலை எழுப்பத் தொடங்கின. மதிலுக்கு உள்ளே இருப்பவன் நம்மவன், வெளியே இருப்பவன் அந்நியன் என்பது கணக்கு.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இண்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலமாக. அந்தக் காலத்துக் கல்லூரிக் கம்ப்யூட்டர் லேப் நம் தலைமுறைக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். ஏ.சி. ஓடும் அந்த அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். செருப்பைக் கழற்றியதோடு பாதுகாப்புச் சோதனை முடிந்தது! சட்டைப் பையில் இருக்கிற பிளாப்பியில் என்ன வைரஸ் இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. உலகத்துப் பெரிய நிறுவனங்களின் நிலையும் ஏறக்குறைய இதுதான். வாசலில் மட்டும் கெடுபிடி; உள்ளே போய்விட்டால் எந்த அறையும் திறந்தே கிடக்கும்.

ஆலங்குடி, வடகாடு பக்கத்துப் பலாப்பழம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே முள். ஒரு இடத்தில் கத்தி இறங்கிவிட்டால் போதும், உள்ளே அத்தனையும் சுளை!

முள் குத்தவில்லை, சுளை போயிற்று

இந்தப் பலாப்பழப் பாதுகாப்பு எப்படியெல்லாம் கைவிட்டது என்பதற்கு அயல்நாட்டு உதாரணம் ஒன்றும், நம் பக்கத்து உதாரணங்கள் சிலவும் சொல்கிறேன்.

2013 கடைசியில் அமெரிக்காவின் டார்கெட் என்ற பெரிய கடைத்தொடரில் சுமார் 4 கோடி வாடிக்கையாளர்களின் வங்கி அட்டை விவரங்கள் திருடு போயின. திருடர்கள் முன்வாசலை உடைக்கவில்லை. அந்தக் கடைகளுக்குக் குளிர்சாதன வேலை செய்துவந்த ஒரு காண்டிராக்டரின் பாஸ்வேர்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். ஏ.சி. பார்க்க வந்தவருக்கு உண்டான வழியில் புகுந்து, கல்லாப்பெட்டிக் கணிப்பொறி வரைக்கும் நடந்து போக முடிந்தது. நடுவே ஒரு கதவு கூட அவர்களை நிறுத்தவில்லை.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். கும்பகோணத்தில் 1904-ல் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கி நமக்கெல்லாம் பழக்கமான வங்கி. 2018 பிப்ரவரியில் அதன் பெயரில் வெளிநாடுகளுக்கு மூன்று பணப் பரிமாற்ற உத்தரவுகள் போயின. துபாய்க்கு ஒன்று, துருக்கிக்கு ஒன்று, சீனாவுக்கு ஒன்று. மொத்தம் சுமார் 20 லட்சம் டாலர். வங்கியில் யாரும் அந்த உத்தரவுகளைப் போடவில்லை. உலக வங்கிகள் தமக்குள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் 'ஸ்விஃப்ட்' வழியை அந்நியர்கள் கைப்பற்றியிருந்தார்கள். உத்தரவு போனதும் அத்தாட்சித் தாள் அச்சாகி வர வேண்டிய பிரிண்டரும் வேலை செய்யாதபடி ஆக்கப்பட்டிருந்தது. மறுநாள் கணக்கை ஒத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. துபாய்க்குப் போன 5 லட்சம் டாலர் நியூயார்க்கிலேயே தடுக்கப்பட்டுத் திரும்பியது. ஊழியர்கள் யாருக்கும் இதில் தொடர்பு இருப்பதாக ஆதாரம் இல்லை என்று வங்கி அறிவித்தது. அந்த அறிவிப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முடிவுப் பகுதியில் அது நமக்குத் தேவைப்படும்.

வந்த உத்தரவு சரியான இடத்திலிருந்து வந்தது, ஆகவே சரியான ஆளிடமிருந்துதான் வந்திருக்கும் என்று எதிர்முனை எடுத்துக்கொண்டது. கலெக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கலெக்டராகத்தான் இருப்பார் என்பது போல! இதே முறையில் 2016 பிப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியிலிருந்து 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்சுக்குப் போய்விட்டது. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர், உத்தரவில் இருந்த ஒரு எழுத்துப் பிழையால் சந்தேகம் வந்து மீட்கப்பட்டது. எழுத்துப்பிழை நாட்டைக் காப்பாற்றிய கதையைத் தமிழாசிரியர்கள் வகுப்பில் தாராளமாகச் சொல்லலாம்.

2019-ல் கூடங்குளம். அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கணிப்பொறிகள் வெளி உலகத்தோடு தொடர்பே இல்லாதவை, அவற்றைத் தாக்க முடியாது என்று அக்டோபர் 29 அன்று அறிக்கை வந்தது. மறுநாள் இந்திய அணுமின் கழகம், நிர்வாக வேலைக்கான வலையில் இருந்த ஒரு கணிப்பொறியில் தீநிரல் இருந்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. இந்தியக் கணிப்பொறி அவசரநிலைக் குழுவான 'செர்ட்-இன்' அதைப் பற்றி செப்டம்பர் 4-ம் தேதியே தெரிவித்திருந்தது. முக்கியமான உள்வலை தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்ததால் அது பாதிக்கப்படவில்லை என்றும் கழகம் விளக்கியது. இரண்டு பாடங்கள் இதில் இருக்கின்றன. எவ்வளவு பெரிய காவல் இருந்தாலும் வெளி வளாகத்துக்குள் ஆள் நுழைய முடியும் என்பது ஒன்று. உள்ளே பிரித்துப் பூட்டியிருந்தால் சேதம் அங்கேயே நிற்கும் என்பது மற்றொன்று.

பிரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை காட்டியது. ஐந்து சர்வர்கள் தாக்கப்பட்டு, ஏறத்தாழ 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது. சுமார் இரண்டு வாரம் நோயாளிப் பதிவு முதல் பரிசோதனை முடிவு வரை காகிதத்திலும் பேனாவிலும் நடந்தது. பாதிக்கப்படாத ஒரு மாற்றுச் சர்வரில் நகல் இருந்ததால் தகவல் திரும்பக் கிடைத்தது. வலையைச் சரியாகப் பகுதி பிரிக்காததே காரணம் என்று மத்திய அரசு பாராளுமன்றத்தில் பதில் சொன்னது. ஒரு மதில் கோட்டையின் பலவீனத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது.

புதுச் சிந்தனை பிறந்த கதை

மதிலை மட்டும் நம்பியது போதும் என்ற எண்ணம் மெதுவாகத்தான் வந்தது. 1994-ல் ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் மார்ஷ் என்பவர், நம்பிக்கை என்பதைக் கணக்குப் போட்டு அளக்க முடியுமா என்று ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். 2004-ல் பெரிய நிறுவனங்களின் பாதுகாப்பு அதிகாரிகள் 'ஜெரிக்கோ மன்றம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். எக்காளம் ஊதியதும் இடிந்து விழுந்ததாக பைபிள் சொல்லும் மதில் ஜெரிக்கோ நகரத்து மதில். மதில் எப்படியும் விழத்தான் போகிறது, மதில் இல்லாமலே பாதுகாப்பாக இருக்க வழி பார்ப்போம் என்பது அவர்கள் பேச்சு. அந்தப் பெயரிலேயே விஷயம் இருந்தது.

2010-ல் ஃபாரெஸ்டர் என்ற ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜான் கிண்டர்வாக், இந்தச் சிந்தனைக்கு 'ஜீரோ டிரஸ்ட்' என்று பெயர் வைத்துப் பரப்பினார். ஃபயர்வாலை அமைக்கும்போது உள்பக்கத்துக்கு 'நம்பத்தக்கது' என்றும் வெளிப்பக்கத்துக்கு 'நம்பத்தகாதது' என்றும் முத்திரை குத்துவார்கள். அந்த முத்திரைதான் நோய்க்கே காரணம் என்றார் அவர். ஒரு கணிப்பொறிச் செய்தி எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அது வெறும் செய்தி. அதை நம்புவதா இல்லையா என்பதை ஒவ்வொரு முறையும் சோதித்தே முடிவு செய்ய வேண்டும்.

அதே 2010 ஜனவரியில் கூகுள் நிறுவனம் தன் வலைக்குள் அந்நியர் புகுந்ததை வெளியே அறிவித்தது. அதன்பின் அந்நிறுவனம் தன் அலுவலக வலைக்கு இருந்த தனிச்சலுகையையே எடுத்துவிடத் தீர்மானித்தது. அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே சோதனை. பல வருஷ வேலைக்குப் பிறகு 2014-ல் அந்த முறையைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் இதற்கு இலக்கணம் எழுதியது. 2021 மே மாதம் கொலோனியல் என்ற எண்ணெய்க் குழாய் நிறுவனம் முடங்கி, அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது. யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய வி.பி.என். கணக்கும் அதற்கு இரண்டாவது சோதனை இல்லாததும்தான் வழிவிட்டன. சில நாட்களிலேயே, மே 12 அன்று, அரசுத் துறைகள் எல்லாம் ஜீரோ டிரஸ்ட் முறைக்கு மாற அந்நாட்டு அதிபர் ஆணை பிறப்பித்தார்.

இந்த முறை என்ன கேட்கிறது?

சுருக்கமாகச் சொன்னால், ஒவ்வொரு கதவிலும் மூன்று கேள்விகள்.

ஒன்று, யார் நீ? பாஸ்வேர்டு மட்டும் போதாது. கையில் இருக்கும் போனுக்கு வரும் எண்ணோ, விரல்ரேகையோ, சிறு சாவிக் கருவியோ கூடவே வேண்டும்.

இரண்டு, எந்தக் கருவியிலிருந்து வருகிறாய்? ஆள் சரியான ஆளாக இருந்தாலும், அவர் கையில் இருப்பது வைரஸ் பிடித்த லேப்டாப்பாக இருக்கலாம். கருவி நிறுவனத்தின் பதிவேட்டில் உள்ளதா, புது ஒட்டுகள் எல்லாம் போடப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும்.

மூன்று, எந்த வேலைக்கு? சம்பளப் பட்டியல் போடுகிறவருக்குச் சம்பளப் பட்டியல் போதும். வாடிக்கையாளர் பட்டியல் எதற்கு? வேலைக்குத் தேவையானது மட்டும், தேவையான நேரம் வரைக்கும்.

இதோடு இரண்டு ஏற்பாடுகள். வலையைச் சிறுசிறு அறைகளாகப் பிரித்துப் பூட்டுவது ஒன்று. யார் எப்போது எதைத் திறந்தார் என்ற பதிவைத் தவறாமல் வைத்திருப்பது மற்றொன்று. திருடன் ஏற்கெனவே உள்ளே இருக்கிறான் என்று வைத்துக்கொண்டே திட்டம் போட வேண்டும் என்பது இதன் அடிப்படை.

நம் முன்னோர் அறிந்ததுதான்

இதையெல்லாம் படிக்கும்போது, இது என்ன அமெரிக்கக் கண்டுபிடிப்பா என்று எனக்குத் தோன்றும். ராயவரம், குழிபிறை, ராங்கியம், விராச்சிலைப் பக்கம் நகரத்தார் வீடுகளைப் பாருங்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று வீடு போய்க்கொண்டே இருக்கும். வளவைச் சுற்றி, கல்யாணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும் ஒரு புள்ளி என்று தனித்தனி அறை. ஒரே கூரை, ஒரே இரத்தம், ஒரே விசேஷம். ஆனால் அறைக்கு அறை பூட்டு வேறு, சாவி வேறு. அண்ணன் தம்பிக்குள் நம்பிக்கை இல்லாததாலா பூட்டினார்கள்? இல்லவே இல்லை. நாளைக்கு ஒரு பொருள் காணாமல் போனால் அண்ணன் மேல் தம்பியும், தம்பி மேல் அண்ணனும் சந்தேகப்படக் கூடாது என்பதற்காகவும்தான்.

அதே குடும்பங்கள் பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்தியபோது ஏஜெண்டுகளை அனுப்பினார்கள். அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிப்படியாகப் பொறுப்பு. ஏஜெண்டுக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பார்கள், ஆனால் தவணை பொதுவாக மூன்று வருஷம்தான். கணக்கு முதலாளிக்கு ஊருக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். தவணை முடிந்தால் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். காலவரையறை வைத்த அதிகாரம், தொடர்ந்து சரிபார்க்கும் கணக்கு. இன்று லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் செய்வது இந்த இரண்டு வேலைகளைத்தான்!

அரசாங்கக் கஜானாவின் இரட்டைப் பூட்டு இன்னொரு உதாரணம். ஒரு சாவி அதிகாரியிடம், மற்றது கஜானாக்காரரிடம். ஒருவர் மட்டும் நினைத்தால் கதவு திறக்காது. திருக்குறளிலோ 'தெரிந்து தெளிதல்' என்று ஒரு அதிகாரமே இருக்கிறது. ஆராய்ந்து பார்த்து நம்பு என்பதே அதன் சாரம். நம்பாதே என்று வள்ளுவர் சொல்லவில்லை. ஆகவே ஊர்ப் பெரியவர்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இது: பூச்சியத்தில் தொடங்குகிறோம், அவ்வளவுதான். சோதனையால் நம்பிக்கை கூடுகிறது.

நம் கணிப்பொறி நிறுவனங்களில்

இந்தியாவில் சாதாரண மக்கள் இந்த முறையின் ஒரு துண்டை 2009-லேயே பார்த்துவிட்டார்கள். இண்டர்நெட்டில் அட்டை மூலம் பணம் கட்ட அட்டை எண் மட்டும் போதாது, இரண்டாவது சோதனை வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அந்த வருஷம் ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமாக்கியது. இன்று பாட்டிமார் வாயில் கூடப் புழங்கும் 'ஓ.டி.பி.' இந்த வழியில்தான் வீட்டுக்குள் வந்தது.

கணிப்பொறி நிறுவனங்களை உண்மையில் உலுக்கியது 2020 மார்ச் மாத ஊரடங்கு. அதுவரை வெளிநாட்டு வாடிக்கையாளரின் வேலையைக் குறிப்பிட்ட கட்டடத்தில், குறிப்பிட்ட மாடியில், செல்போனைக் கூட வெளியே வைத்துவிட்டுப் போய்ச் செய்தவர்கள் உண்டு. திடீரென்று அத்தனை பேரும் வீட்டுக்கு! அரசின் தொலைத்தொடர்புத் துறை அந்த மார்ச்சிலேயே வீட்டிலிருந்து வேலை செய்வதற்கான விதிகளைத் தளர்த்தியது. ஆலங்குடியிலும் அறந்தாங்கியிலும் பொன்னமராவதியிலும் திண்ணையில் உட்கார்ந்து, சிக்னலுக்காக மொட்டை மாடிக்கு ஏறி வேலை பார்த்த பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்தோம்.

அப்போது முதலில் கைகொடுத்தது வி.பி.என். என்ற பழைய ஏற்பாடு. அது வீட்டிலிருந்து கோட்டை வாசலுக்குப் போட்ட சுரங்கப் பாதை மாதிரி. பாதை பத்திரமானதுதான். ஆனால் பாதை முடியும் இடத்தில் மறுபடியும் அதே பலாச்சுளை! ஆகவே நிறுவனங்கள் மெல்ல மெல்ல மாறின. எந்தெந்தக் கருவி, எந்தெந்தக் கணக்கு இருக்கிறது என்று முதலில் பட்டியல் எடுப்பது. எல்லோருக்கும் இரண்டாவது சோதனை வைப்பது. வலை முழுவதையும் திறந்துவிடாமல் அந்தந்த மென்பொருளுக்கு மட்டும் வழி கொடுப்பது. பிறகு உள்ளே அறை பிரிப்பது. இதுதான் பொதுவான வரிசை. பட்டியல் எடுக்கிற முதல் படியிலேயே பலருக்கு மூச்சு வாங்கும். வேலையை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆனவரின் கணக்கு உயிரோடு இருப்பது அப்போதுதான் தெரியவரும்.

சட்டமும் கூடவே வந்தது. செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி, தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பழைய மென்பொருள்கள் இந்தச் சோதனைக்கு ஒத்துவராது. சிறு நிறுவனங்களுக்குச் செலவு கட்டுப்படியாகாது. ஓயாமல் கேட்டால் மனிதன் அலுத்துப்போவான். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் புகுந்தவர் செய்தது அதைத்தான். ஒரு காண்டிராக்டரின் போனுக்கு 'நீங்கள்தானா?' என்ற கேள்வி திரும்பத் திரும்பப் போயிற்று. கடைசியில் அவர் 'ஆம்' என்று அழுத்திவிட்டார். இன்னொன்று, கதவைக் கவனிப்பதாகச் சொல்லி ஆளையே நாள் முழுக்கக் கண்காணிக்கும் முதலாளிகளும் இருப்பார்கள். பாதுகாப்புப் பதிவு எது, வேவு பார்ப்பது எது என்ற எல்லைக்கோட்டை ஊழியர்கள் கேட்டு வாங்கத்தான் வேண்டும்.

நமக்கு இதில் என்ன?

தம்பி தங்கைகளுக்காக இந்தப் பகுதியைச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். நம் பக்கத்தில் பாஸ்வேர்டு கேட்பதும் கொடுப்பதும் சிநேகத்தின் அடையாளம். "அண்ணே, உங்க பாஸ்வேர்டைக் குடுங்க, ஒரு என்ட்ரி மட்டும் போட்டுட்டுத் தர்றேன்" என்றால் மறுப்பது மரியாதைக் குறைவு. மானிட்டர் ஓரத்தில் சீட்டு ஒட்டியிருப்பதும் உண்டு. ஒரு நாள் கணக்கில் பணம் இடித்தால் என்ன ஆகும்? கணிப்பொறி காட்டுவது ஒரே ஒரு பெயரை. அது பெரும்பாலும் சேர்ந்து ஆறு மாதம் ஆன, யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத ஜூனியரின் பெயராக இருக்கும். அவன் வீட்டில் கல்விக்கடன் பாக்கி இருக்கும், தங்கை கல்யாணம் இருக்கும். தான் செய்யவில்லை என்று நிரூபிக்க அவனிடம் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது.

கும்பகோணத்து வங்கி தன் ஊழியர்கள் சம்பந்தப்பட்டதற்கு ஆதாரம் இல்லை என்று அறிவித்ததை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? திருட்டு நடந்த இடத்தில் வேலை பார்த்தவனுக்கு அந்த ஒரு வரிதான் உயிர்மூச்சு. யார், எந்தக் கருவியில், எந்த நேரத்தில், எதைத் திறந்தார் என்ற பதிவு நிறுவனத்தின் சொத்தைக் காப்பது போலவே நேர்மையான ஊழியனின் பெயரையும் காக்கிறது. சாவியைக் கடன் கொடுத்தவனுக்கு அந்தக் காப்பு இல்லை. அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

இரண்டாவது விஷயம் அதைவிடப் பெரியது. பழைய முறையில் ஒருவரை நம்புவதற்குக் காரணம் அவர் உட்கார்ந்திருந்த இடம். சென்னைக் கட்டடத்துக்குள் இருந்தால் நம்பத்தக்கவர், கீரனூரில் இருந்தால் சந்தேகம். புது முறையில் இடத்துக்கு மதிப்பெண் கிடையாது. கட்டடத்துக்குள் இருப்பதால் சலுகை இல்லை என்றால், கட்டடத்துக்கு வெளியே இருப்பதால் குறையும் இல்லை. குழந்தை பிறந்தபின் வேலையை விட்ட நம் பெண்கள், வயதான தாய் தகப்பனைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பியவர்கள், தனியாக சென்னைக்கு அனுப்ப வீட்டில் சம்மதிக்காத தங்கைகள் ஆகியோருக்கு இது வெறும் கணிப்பொறிச் செய்தியாகத் தோன்றாது. புதுக்கோட்டையிலிருந்தே உலக வேலை பார்க்கலாம் என்பதற்குத் தொழில்நுட்பம் தரும் அனுமதிச் சீட்டு அது. நிறுவனங்கள் அந்தச் சீட்டை மதிக்கின்றனவா என்பது வேறு சங்கதி. மீண்டும் அலுவலகத்துக்கு வா என்று பல நிறுவனங்கள் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் 'பாதுகாப்புக் காரணம்' என்று இனி எளிதாகச் சொல்லிவிட முடியாது.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்துறையில் அனுபவம் உள்ள நீங்கள் ஆண்டுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். நம் கல்லூரி லேபில் ஆளுக்கொரு தனிக் கணக்கு, இரண்டாவது சோதனை, சரியான பதிவேடு ஆகிய மூன்றையும் மாணவர்களே அமைத்துப் பழக உதவுங்கள். இதற்குப் பெரிய செலவு இல்லை. இலவச மென்பொருளும் ஒரு பழைய கணிப்பொறியும் போதும். இந்த மூன்றையும் தன் கையால் செய்து பார்த்த பிள்ளை நேர்முகத் தேர்வில் தயங்கி நிற்காது.

மாணவச் செல்வங்களே, நண்பனுக்கு நோட்டைக் கொடுங்கள், சைக்கிளைக் கொடுங்கள், கையில் இருந்தால் காசும் கொடுங்கள். பாஸ்வேர்டை மட்டும் கொடுக்காதீர்கள். கேட்கிற நண்பன் கோபித்துக்கொண்டால், அவன் பெயரையும் சேர்த்துத்தான் காப்பாற்றுகிறோம் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

நம் கல்லூரியும் அதன் பிள்ளைகளும் மேலும் மேலும் வளர வாழ்த்தி விடைபெறுகிறேன்.